அவருக்கு வேண்டாம்

இனிப்பு என்பது சாப்பாட்டின் முடிவில் வருவது என்றொரு நம்பிக்கை படித்தவர்களிடையே பரவியிருக்கிறது. இது தவறு. தலைமுறைகளைக் கெடுத்த தவறு. எங்கள் பக்கத்துப் பந்தியில் இலை விரித்துத் தண்ணீர் தெளித்ததும் முதலில் விழுவது வலது கீழ் மூலையில் ஒரு சிறு கரண்டி பாயசம். உப்பு, ஊறுகாய், பருப்பு, சோறு எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நின்று வர வேண்டியவை. இனிப்பைத் தூக்கிக் கடைசியில் போட்டது மெனு கார்டு. முதலில் வைக்கும்போது அது வரவேற்பு. கடைசியில் வைத்தால் தீர்ப்பு மாதிரி ஆகிவிடுகிறது, மேசையில் இருக்கிற எல்லோரும் எதிராளியின் முகத்தைப் பார்த்தபடி காத்திருக்க வேண்டியிருக்கிறது. இதை நான் திருச்சி தில்லைநகரில், ஒரு ஹோட்டலின் ஏ.சி. ஹாலில், மதியச் சாப்பாடு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபடி மனசுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால் சர்வர் வந்து, "ஸ்வீட் ஏதாவது சொல்றீங்களா சார்?" என்று கேட்டார். நான் வழக்கம்போல, "ஒரு குலாப் ஜாமூன். மேல ஒரு ஸ்கூப் ஐஸ்கிரீம்" என்றேன். என் மனைவி தையல்நாயகி, வழக்கம்போல, "அவருக்கு வேண்டாம்" என்று சொல்லவில்லை.

சொல்லவில்லை. காதில் விழாமல் போயிருக்கலாம். ஏ.சி. உறுமுகிறது, பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் பரோட்டாவைப் பிய்த்தபடி நிலத் தகராறு பேசுகிறது. ஆனால் தையல்நாயகியின் காது அப்படிப்பட்ட காது இல்லை. மயிலாடுதுறையில் எங்கள் வீட்டு அடுக்களையில் தாளித்துக்கொண்டே, வாசலில் நான் சட்டைப்பைக்குள் கடலை மிட்டாய்க் காகிதத்தைப் பிரிக்கிற சத்தத்தைப் பிடிக்கிற காது. எனக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த நாளிலிருந்து எந்த ஹோட்டலில் உட்கார்ந்தாலும் நான் இனிப்பு சொல்வேன். அவள் சர்வரின் முகத்தைக்கூடப் பார்க்காமல், ஈயை ஓட்டுகிற மாதிரி, "அவருக்கு வேண்டாம்" என்பாள். சர்வர் என்னைப் பார்ப்பார். நான் மின்விசிறியைப் பார்ப்பேன். கும்பகோணத்தில் ஒரு தடவை, "மீறிக் கொண்டாந்து வச்சீங்கன்னா, எடுத்துட்டுப் போயி உங்க மொதலாளி தலையில கொட்டிடுவேன்" என்றாள். அந்த சர்வர் சிரித்துக்கொண்டே போய், உண்மையிலேயே முதலாளியிடம் சொல்ல, அவர் கல்லாவிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்தார். நான் இனிப்புக்கு அலைகிறவன் என்று உறவுக்காரர்கள் நினைக்கிறார்கள். அதுவும் தவறு. எனக்கு இனிப்பு அவ்வளவாகப் பிடிக்காது. நான் சொல்வது, அவள் ரத்து செய்வதற்காக. சில தம்பதிகள் கடற்கரையில் கைகோத்து நடக்கிறார்கள். எங்களுக்குக் கைகோக்கிற பழக்கம் இல்லை, இது இருந்தது. இப்போது அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருக்கிறாள். துடைத்த பக்கத்தையே திரும்பத் துடைக்கிறாள். சர்வர் போய்விட்டார்.

சரி, பதற்றப்படக் கூடாது. நடந்ததை ஒழுங்காக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதமாகச் சோறு இறங்கவில்லை, பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. போன வாரம் இதே ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டு, வயிற்றுக்குள்ளிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். இன்று காலை முடிவு. மருமகன் இளஞ்செழியன் பெங்களூரிலிருந்து நேற்றே வந்துவிட்டார், அவர்தான் கார் ஓட்டிக்கொண்டு வந்தார். ஒரு நர்ஸ் கதவைத் திறந்து, "பஞ்சநதம் கூட வந்தவங்க யாரு?" என்று கூப்பிட்டபோது நான் எழுந்துவிட்டேன். பஞ்சநதம் நான்தானே. "நீங்க இல்ல சார். கூட வந்தவங்க. நீங்க இந்தப் பக்கம் வாங்க, எடை பாக்கணும்" என்றாள் நர்ஸ். காலையில் வந்ததுமே எடை பார்த்தாகிவிட்டது. திரும்பவும் ஏறி நின்றேன். அதே எடைதான் காட்டியது. அறிவியலுக்கு இதனால் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. மெஷினிலிருந்து இறங்கியவனை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து ரத்த அழுத்தமும் பார்த்தார்கள், காற்றை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி, நேரம் போக்குகிற மாதிரி. அப்புறம் அவர்கள் இருவரும் டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தார்கள். "ஒண்ணுமில்ல மாமா. சின்னப் புண்ணுதானாம். மாத்திரை எழுதிக் குடுத்திருக்காரு. வாங்க, நல்ல ஹோட்டலா பாத்துச் சாப்பிடுவோம்" என்றார் இளஞ்செழியன். தையல்நாயகி குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். நம் ஊரில் ஒருவனுடைய வியாதியை அவனைத் தவிர மற்ற எல்லோருக்கும் சொல்வார்கள். மாத்திரை அவனுக்கு, செய்தி மற்றவர்களுக்கு. இதில் தப்பு சொல்லவும் முடியாது, அன்பினால் செய்கிறார்கள். அந்த அறைக்குள் டாக்டர் என்ன சொன்னார் என்பது இந்த மேசையில் இரண்டு பேருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

நேராகக் கேட்டுவிடலாம். கேட்டால், "ஒண்ணுமில்லங்கறேன்ல" என்பாள். ஒன்றும் இல்லாவிட்டாலும் அதைத்தான் சொல்வாள், இருந்தாலும் அதைத்தான் சொல்வாள். எதைப் போட்டாலும் ஒரே நிறம் காட்டுகிற சோதனை சோதனையே ஆகாது என்று அரசுக் கல்லூரியில் வேதியியல் வாத்தியாராக இருந்த காலம் முழுக்கப் பையன்களிடம் கத்தியிருக்கிறேன். உப்புப் பரிசோதனை என்று ஒன்று உண்டு. காகிதத்தில் மடித்து ஏதோ ஒரு பொடியைக் கொடுப்போம், அது என்ன என்று அவன் கண்டுபிடிக்க வேண்டும். ருசி பார்க்கக் கூடாது, பக்கத்துப் பையனைக் கேட்கக் கூடாது. முதலில் நிறம், பிறகு வாசனை, சூடாக்கினால் என்ன ஆகிறது, நீரில் கரைகிறதா. சரி, நிறம். தையல்நாயகியின் கண் சிவந்திருக்கவில்லை, ஆனால் காதோர முடி இன்னும் ஈரமாக இருக்கிறது, இந்த ஏ.சி.யில் இத்தனை நேரம் காயாமல் இருக்க வேண்டுமானால் நிறையத் தண்ணீர் அடித்துக் கழுவியிருக்க வேண்டும். மருமகன். இவர் சாதாரணமாகச் சாப்பிடும்போது இடது கையில் போன் வைத்திருப்பார், எங்கள் வீட்டில் அதை ஒரு உடல் உறுப்பாகவே ஏற்றுக்கொண்டுவிட்டோம். இன்று போன் மேசையில் கவிழ்ந்து கிடக்கிறது. சாப்பாட்டின்போது எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் ரசத்தில் பெருங்காயம் தூக்கல் என்று ஆரம்பித்து, பெருங்காயம் எந்தச் செடியின் பால், எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று முழுதாகச் சொன்னேன், அவர் கேட்டார். தலையாட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து என் பேச்சு எதையும் அந்த மனுஷர் கடைசிவரை கேட்டதில்லை. இது நல்ல அறிகுறி இல்லை. விலாவுக்குக் கீழே அந்த வலி ஒரு விரலால் தொட்டுவிட்டு எடுத்தது மாதிரி வந்து போனது. வலிதானா, வலியை நினைத்ததனால் வந்ததா?

ஜாமூன் வந்துவிட்டது. கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு உருண்டை, மேலே வெள்ளையாக ஐஸ்கிரீம், அதன் மேல் ஒரு சிவப்புப் பழம். செர்ரி என்று எல்லோரும் நம்புகிற இந்தப் பழம் களாக்காய். சாயம் ஏற்றிச் சீனிப்பாகில் ஊறப்போட்டது. பக்கத்தில் இறைந்து கிடக்கிற பல வண்ணத் துணுக்குகள் பப்பாளிக்காய். கும்பகோணத்தில் ஒரு கடையில் ஃப்ரூட் சாலட் என்று கேட்டதற்கு முழுக்க முழுக்க இதையே கொடுத்தார்கள், சாலட் என்று சொன்னதற்காக ஒரு துண்டு வாழைப்பழமும் இருந்தது. தஞ்சாவூரில் மாடியில் ஒரு கடை, ஃபலூடா நல்ல ஃபலூடா, உயரமான தம்ளரில் சேமியாவும் சப்ஜா விதையும் ரோஸ் சர்பத்தும். தையல்நாயகி பாதி சாப்பிட்டபோது நான் விதைகளுக்கு நடுவே ஒரு எறும்பைச் சுட்டிக்காட்டினேன். அவள் கரண்டி நுனியால் எடுத்து மேசையில் வைத்துவிட்டு மீதியைச் சாப்பிட்டாள். "அது தின்னதுல எவ்வளவு கொறஞ்சிடப் போவுது" என்றாள். விழுப்புரம் தாண்டி நெடுஞ்சாலையில் ஒரு பெரிய ஹோட்டல், வாசலில் நீரூற்று எல்லாம் உண்டு, அங்கே அவள் தட்டிலிருந்து ஒரு கரண்டி ரசமலாயைத் திருடி வாயில் போட்டேன், புளிப்பு. சர்வரைக் கூப்பிட்டு, "தம்பி, பால் திரிஞ்சு ரொம்ப நாளாச்சு போலிருக்கே" என்றால், "அது அப்படித்தான் சார் இருக்கும், பெங்காலி ஐட்டம்" என்றான். நான் பால் புளிப்பதன் வேதியியலை ஆரம்பிப்பதற்குள் தையல்நாயகி, "யாரு உங்கள ருசி பாக்கச் சொன்னா? புளிச்சது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?" என்று வழக்கை என் பக்கம் திருப்பிவிட்டாள். ஆக, நல்ல இனிப்பு கெட்ட இனிப்பு எல்லாவற்றிலும் நான் அறிந்தது ஒரு கரண்டி, அதுவும் திருட்டுக் கரண்டி. இன்றுதான் முழுக் கிண்ணம் எனக்கு முன்னால், எனக்கே எனக்கு என்று இருக்கிறது. சாப்பிட்டேன். ஜாமூன் நடுவில் குளிர்ந்து கெட்டியாக இருந்தது. சோடா உப்பு கூடுதல். ஏலக்காய் போடவில்லை, ஏலக்காய் எசன்ஸ். நாக்கில் ஏதோ தகரத்தை வைத்த மாதிரி ஒரு ருசி. அது ஜாமூனுடையதா என் நாக்கினுடையதா என்று தெரியவில்லை. இதுவா அது? இதற்காகவா அத்தனை வருஷம் சண்டை போட்டோம்? தையல்நாயகி நான் சாப்பிடுவதைப் பார்க்கிறாள். கரண்டி வாய்க்குப் போகிறவரை பார்த்துவிட்டு, போனதும் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாள். சாப்பிட மறுத்த குழந்தை ஒருவழியாக ஒரு வாய் வாங்கிக்கொண்டால் பெண்கள் இப்படிப் பார்ப்பார்கள்.

எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார், வைத்தியநாதசுவாமி என்று பெயர். ரம்மி ஆடுவதில் எங்கள் குடும்பத்திலேயே மகா மட்டமான ஆட்டக்காரர். கையில் ஜோக்கர் வந்தால் முகம் மலர்ந்துவிடும், அவர் முகத்தைப் பார்த்தே மற்றவர்கள் சீட்டை இறக்குவார்கள். ஒரு சித்திரை மாதம் அவரை மெட்ராஸ் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தார்கள். வாயுத்தொந்தரவு என்று அவருக்குச் சொன்னார்கள். எங்களுக்கெல்லாம் வேறு சொன்னார்கள். அதற்குப் பிறகு சித்தப்பா தோற்கவேயில்லை. தினம் மத்தியானம் ஜமக்காளத்தை விரித்து ஆட்டம் நடக்கும், அண்ணன், மாமா, நான், யாராவது அவருக்கு வேண்டிய சீட்டை இறக்கிக்கொண்டே இருப்போம். ஆட்டத்துக்கு ஆட்டம் அவர்தான் டிக் அடித்து ஜெயிப்பார். ஆரம்பத்தில் சந்தோஷப்பட்டார். "எப்படிடா, கை வந்துடுச்சு பாத்தியா" என்றார். அப்புறம் ஆவணி வாக்கில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு நாள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, மின்விசிறிக் காற்றில் சீட்டு பறக்காமல் இருக்க அவர் வெற்றிலைப் பெட்டியை வைத்திருந்தார், என்னைப் பார்த்து, "பஞ்சு, ஒரே ஒரு ஆட்டம் என்னத் தோக்கடிடா" என்றார். எல்லோரும் சிரித்தோம். மாமா, "ராசா கைக்கு எதிரா யாரு ஆட முடியும்?" என்றார். அந்த ஆட்டத்திலும் அவர்தான் ஜெயித்தார். அவர் கேட்டது என்ன என்பது எனக்கு இப்போது, தில்லைநகரில், கிண்ணத்தின் அடியில் கிடக்கிற சீனிப்பாகைப் பார்க்கும்போது தெரிகிறது. மனுஷன் தோல்வியைக் கேட்கவில்லை.

ஆனால் ஒரு சோதனையை வைத்து முடிவு எழுதக் கூடாது. மார்க் குறைப்பேன். வேறு விளக்கங்கள் இருக்கின்றன. ஆள் இளைத்துவிட்டார், எதையாவது சாப்பிட்டால் போதும் என்று டாக்டரே சொல்லியிருக்கலாம். அவள் களைத்துப்போயிருக்கலாம், விடியற்காலையில் கிளம்பியது. மருமகன் முன்னால் வேண்டாம் என்று விட்டிருக்கலாம். அதாவது சந்தேகம் இருக்கிறது, சந்தேகம் இருக்கும்வரை நான் இருக்கிறேன். உறுதிச் சோதனை ஒன்று தேவை. மெனு கார்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில், எல்லா இனிப்புக்கும் கீழே, புகையோடு ஒரு படம். சர்வரைக் கூப்பிட்டு, "இது என்ன சிஸ்லிங் பிரவுனி?" என்று கேட்டேன். சர்வர் முகம் பிரகாசமானது. "சாக்லேட் கேக் சார். இரும்புத் தட்டைச் சூடு பண்ணி, அது மேல வச்சு, ஐஸ்கிரீம் வச்சு, சாக்லேட் சாஸ் ஊத்துவோம். சும்மா புஸ்ஸுனு பொகை வரும் சார்." ஒரு சர்க்கரை நோயாளிக்கு எதிராக மனித மூளை தயாரித்த பொருள்களில் இதற்கு மேல் ஒன்று இருக்க முடியாது. "கொண்டாங்க" என்றேன். சொல்லிவிட்டுத் தையல்நாயகியைப் பார்த்தேன். இப்போது சொல்வாள். சொல்லு. உதடு அசைந்தது. இளஞ்செழியன் முந்திக்கொண்டார்: "மாமா ஆசைப்படறாரு, சாப்பிடட்டும் அத்தை." அத்தை, "ம்" என்றாள். ஐந்து விரலும் மூக்குக் கண்ணாடிக் கூட்டைப் பிடித்திருந்தன.

சமையற்கட்டிலிருந்து அது சீறிக்கொண்டே வந்தது. பலகையின் மேல் இரும்புத் தட்டு, தட்டின் மேல் கறுப்பாக ஒரு கட்டி, அதன் மேல் உருகத் தொடங்கிய வெள்ளை. சர்வர் என் முன்னால் வைத்துவிட்டு ஒரு கிண்ணத்திலிருந்து சாஸை ஊற்றினார். புகை கிளம்பி என் முகத்தை மூடியது. ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது, நிலத் தகராறுகூட ஒரு நொடி நின்றது. புகைக்கு அந்தப் பக்கம் தையல்நாயகி இருந்தாள், தெரியவில்லை, சேலையின் பச்சை மட்டும் தெரிந்தது. ஓரங்களில் சர்க்கரை கருகுகிற வாசனை. இப்படித்தான் பார்த்தேனோ, சித்தப்பாவை, புகைக்கு அந்தப் பக்கம், ஆற்றங்கரைச் சுடுகாட்டில், வேண்டாம், நினைக்காதே, இது கேக். கேக் மாவும் கோக்கோவும் வெண்ணெயும். "மாமா, இப்படிப் பாருங்க, வீடியோ எடுத்து வாணிக்கு அனுப்பறேன்" என்று மருமகன் போனை எடுத்தார், அப்பாடா, போனை எடுத்துவிட்டார், இது நல்ல அறிகுறி. வாணி என் மகள். அவளைவிட அவள் அம்மா எவ்வளவோ தேவலாம் என்று சொல்ல வைக்கிற பெண்; போனில் வீடியோ போட்டு என் சாப்பாட்டுத் தட்டைக் காட்டச் சொல்வாள், ஒரு தடவை நான் வாய் திறந்து நாக்கைக்கூடக் காட்ட வேண்டியிருந்தது. வாணி விடமாட்டாள். இந்தப் புகையைப் பார்த்ததும் குதிப்பாள், அப்பா உங்களுக்கு மூளை இருக்கா, அம்மா நீ என்ன பண்ணிட்டிருக்க என்று கத்துவாள். நான் கரண்டியால் ஒரு மூலையை வெட்டி வாயில் வைத்து நாக்கைச் சுட்டுக்கொண்டு காத்திருந்தேன். டிங் என்று பதில் வந்தது. குரல் செய்தி. இளஞ்செழியன் ஒரு கணம் தயங்கினார், அப்புறம் ஸ்பீக்கரில் போட்டார். "அப்பா..." என்றது வாணியின் குரல். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல், வண்டிச் சத்தம். "நல்லா சாப்பிடுங்கப்பா." அவ்வளவுதான். மூக்கடைத்த குரல். பெங்களூரில் குளிர் இருக்கலாம்.

இரண்டாவது சோதனையும் அதே விடை. ஆய்வுக்கூடமாக இருந்தால் இங்கே நிறுத்தச் சொல்லியிருப்பேன். நிறுத்த முடியவில்லை. கல்யாணமான புதிதில் மாயவரத்தில் ரயிலடிக்கு எதிரே ஒரு ஹோட்டலுக்கு இவளைக் கூட்டிக்கொண்டு போனேன், முதல் தடவை நாங்கள் இரண்டு பேர் மட்டும் வெளியே சாப்பிட்டது. பாதாம் அல்வா சொன்னேன். வெண்ணெய்க் காகிதத்தில் மஞ்சளாக வந்தது. நெய் எத்தனை டிகிரியில் உருகுகிறது, ஏன் அல்வா கையில் ஒட்டாமல் தொண்டையில் வழுக்குகிறது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். பேசி முடித்துப் பார்த்தால் காகிதம் காலி. என் பங்கையும் தின்றிருந்தாள். "நீங்க பாடம் நடத்திக்கிட்டு இருந்தீங்க, நான் பரீட்சை எழுதிட்டேன்" என்றாள். பத்தொன்பது வயசுப் பெண், உதட்டோரத்தில் நெய். அன்றைக்கு எனக்குப் பயமே இருக்கவில்லை. இன்று இந்த மனுஷி எதிரே உட்கார்ந்து எனக்கு எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிறாள், அதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. டாக்டரைவிட, குழாயைவிட, அந்தத் துணுக்கைவிட இதுதான். இவள் மறுக்காத உலகத்தில் நான் எப்படி நாற்காலியிலிருந்து எழுந்து கார்வரை நடப்பேன்? இரும்புத் தட்டில் சீறல் அடங்கிவிட்டது. பழுப்பாக ஒரு குளம். "சார், வேற ஏதாவது?" என்றார் சர்வர். "இன்னொரு ஜாமூன்" என்றேன். குரல் கிறீச்சென்று வந்தது. "அப்புறம் பார்சல் ஒண்ணு. ரசமலாய் இருக்கா? அதுலயும் ஒண்ணு. ராத்திரிக்கு." சர்வர் எழுதத் தொடங்கினார். நான் அவரைப் பார்க்கவில்லை. தையல்நாயகியைப் பார்த்தேன், வேறு எங்கேயும் பார்க்காமல், பரீட்சை முடிவு ஒட்டியிருக்கிற பலகையைப் பார்க்கிற பையன் மாதிரி.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள், இரும்புத் தட்டைப் பார்த்தாள், மறுபடி என் கண்ணைப் பார்த்தாள், ஏதோ கணக்கைக் கீழிருந்து மேலே சரிபார்க்கிறவள் மாதிரி. அப்புறம் நாற்காலி கிறீச்சிட எழுந்தே விட்டாள். "எதுக்கு? என்ன நெனச்சுக்கிட்டு இருக்கீங்க? சும்மா இருந்தா ஊமையாயிட்டேன்னு நெனப்பா? ஒண்ணத் தின்னாச்சு, அந்தப் பொகை வண்டியையும் தின்னாச்சு, இப்ப பார்சலா? சர்க்கரை ஏறி மயக்கம் போட்டு விழுந்தா எவ வந்து தூக்குறது? வயசு ஆவ ஆவ புத்தி வளரணும், உங்களுக்கு நாக்கு வளருது!" ஹால் முழுக்கக் கேட்டது. இளஞ்செழியன் வாயைத் திறந்து அவளையே பார்த்தார். "அத்தை, விடுங்க..." "நீங்க சும்மா இருங்க மாப்பிள்ளை, உங்களாலதான் இவ்வளவும். தம்பி, ஒண்ணும் கொண்டார வேண்டாம், எழுதினத அடிங்க. இன்னொரு தடவை இவரு ஸ்வீட்டுன்னு வாயத் தொறந்தா வெந்நீரக் கொண்டாந்து வைங்க." சர்வர், "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று பின்னோக்கியே நடந்து போனார். பரோட்டாக் குடும்பத்துப் பெரியவர் என்னைப் பார்த்து, நமக்கெல்லாம் விதித்தது இதுதான் என்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

என் காது சூடானது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. "என்ன சிரிப்பு?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன். எதிர்மறை விடை. இரண்டு நேர்மறை விடைகளுக்குப் பிறகு ஒரு எதிர்மறை, அதுவும் இவ்வளவு திட்டவட்டமாக. முன்னதை எல்லாம் பிழை என்று தள்ளிவிடலாம். களைப்பு, மருமகன் இருக்கிற கூச்சம், பெங்களூர்க் குளிர். புண்தான். சின்னப் புண். மாத்திரை சாப்பிட்டால் ஆறுகிற புண். எழுந்தபோது கால் நின்றது. வெளியே வெயிலில் கண் கூசியது, தில்லைநகர் முழுக்க ஹாரன் அடித்தது, வாசலில் கூழாங்கல் மீன்தொட்டிக்குப் பக்கத்தில் ஒருவன் நின்று பல் குத்திக்கொண்டிருந்தான், எல்லாம் நன்றாக இருந்தன. கார்வரை தையல்நாயகி முன்னால் வேகமாக நடந்தாள், திரும்பிப் பார்க்காமல், திட்டிக்கொண்டே. காவிரிப் பாலம் தாண்டும்வரை திட்டினாள். நான் பின்சீட்டில் அவள் பக்கத்தில் சாய்ந்துகொண்டு, தாலாட்டுக் கேட்கிறவன் மாதிரி, கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்.

மறுநாள் காலை, கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கையில் அவள் காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். சர்க்கரை போட்டிருந்தது.